கடனா, கருணையா: அயர்லாந்தின் தொழிற்பள்ளிகளும் இழப்பீட்டுச் சட்டமும்

அயர்லாந்து 2002ஆம் ஆண்டு இயற்றிய இழப்பீட்டுச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, அங்கே அடிக்கும் பட்டினிக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளானவர்களுக்குப் பணம் வழங்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. விண்ணப்பத்தைப் பற்றியோ வழங்கப்பட்ட தொகையைப் பற்றியோ, எந்த ஆளையும் எந்த நிறுவனத்தையும் அடையாளம் காட்டும் விதத்தில் எவரும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதன் 28ஆம் பிரிவு. மீறினால் 25,000 யூரோ வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பல பத்தாண்டுகள் வாய் திறக்க முடியாமல் கிடந்தவர்களை ஓர் அரசு அழைத்து, நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டு, கேட்டு முடித்த பிறகு இனி வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டது. இழப்பீடு என்பது பட்ட கடனை அடைப்பது. கடன்பட்டவர் யார், எதற்காகப் பட்டார் என்பது ஏட்டில் ஏறாமல் பணம் மட்டும் கைமாறினால், புகார் விலைக்கு வாங்கப்பட்டது என்றே அர்த்தம். அயர்லாந்தில் பெருமளவு நடந்தது இதுதான் என்பது என் வாதம்.

இந்த விடுதிகளுக்குத் தொழிற்பள்ளிகள் என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கியவை. 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அவற்றுக்கு நிலையான வடிவம் கொடுத்தது. இங்கிலாந்தில் 1933இல் புதிய சட்டம் வந்து இந்த முறையையே மாற்றிவிட்டது. விடுதலை பெற்ற அயர்லாந்தோ பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டது. பள்ளிகளை நடத்தும் பொறுப்பு கிறிஸ்தவ சகோதரர்கள் சபை, மெர்சி கன்னியர் சபை போன்ற துறவற சபைகளிடம் இருந்தது. செலவுக்குப் பணமும் கண்காணிப்பும் கல்வித் துறையுடையவை. உள்ளே போன பிள்ளைகளில் குற்றம் செய்தவர்கள் வெகு சிலர். தாய் செத்துப்போனாள், தகப்பன் வேலை தேடிக் கடல் கடந்தான், வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள், அல்லது பிள்ளை மணமாகாத பெண்ணுக்குப் பிறந்தது. இவையே காரணங்கள். ‘முறையான காப்பாளர் இல்லை’ என்ற ஒற்றை வரியில் நீதிமன்றம் உத்தரவிடும். மூன்று வயதுப் பிள்ளைகூட நீதிபதிமுன் நிறுத்தப்பட்டு, 16 வயது முடியும்வரை உள்ளே அனுப்பப்படும். அண்ணன் ஒரு பள்ளிக்கு, தங்கை வேறொரு பள்ளிக்கு. தாய் உயிரோடிருந்த வீடுகளில் அவளுக்கு மாதம் ஒரு சிறு உதவித்தொகை கொடுத்திருந்தால் குடும்பம் பிரிந்திருக்காது. அரசு அந்தப் பணத்தைத் தாய்க்குக் கொடுக்காமல், அதே பிள்ளைக்காகச் சபைக்குக் கொடுத்தது.

பணம் தலைக்கணக்கில் போனது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று மானியம். பிள்ளைகள் குறைந்தால் வருமானம் குறையும். கட்டடம், சமையல், பண்ணைச் செலவு அப்படியே நிற்கும். ஆகவே இடத்தை நிரப்பி வைத்திருப்பது நடத்துபவர்களுக்கு அவசியமாயிற்று. டப்ளினின் ஆர்ட்டேன் பள்ளியில் 830 சிறுவர்கள்வரை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அத்தனை பேரை ஒரு சில துறவிகள் மேய்ப்பதற்குப் பயம் ஒன்றே கருவியாக இருந்தது என்பதைப் பின்னாளில் அரசு அமைத்த விசாரணை ஆணையம் விரிவாகப் பதிவு செய்தது. பிள்ளைகளின் உழைப்பும் கணக்கில் சேர்ந்தது. டப்ளின் நகரிலேயே இருந்த கோல்டன்பிரிட்ஜ் பள்ளியில் சிறுமிகள் வகுப்பு முடிந்ததும் செபமாலை கோர்க்க உட்கார வேண்டும். ஒரு கையில் குறடு, மறுகையில் மெல்லிய கம்பி. மணியைக் கம்பியில் நுழைத்து, முனையை வளைத்து, வெட்டி, அடுத்த மணியோடு பிணைக்க வேண்டும். பத்து மணி கொண்டது ஒரு கோர்வை. நாளொன்றுக்கு 60 கோர்வை முடிக்க வேண்டும் என்பது அளவு. அதாவது 600 மணி. விரல் நுனிகளைக் கம்பி கிழிக்கும். அளவு குறைந்தால் அடி. கடையில் அந்த மாலையை வாங்கிக் கன்னி மரியாளிடம் மன்றாடியவர்களுக்கு அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை.

‘அது அந்தக் காலம். அன்று எல்லா வீட்டிலும் எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகளை அடித்தார்கள். இன்றைய அளவுகோலை அன்றைக்குப் போய் வைக்கலாமா?’ என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தின் அளவுகோலே இந்தப் பள்ளிகளைக் குற்றவாளியாக்குகிறது. தண்டனைக்கு வரம்பு விதித்த விதிகள் கல்வித் துறையிடம் அன்றே இருந்தன. ஒவ்வொரு தண்டனையையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றும் இருந்தது. எழுதிவைத்தவர்கள் அரிது. துறையின் மருத்துவ ஆய்வாளர் அன்னா மக்கேப் 1940களிலேயே பிள்ளைகள் போதிய உணவின்றி மெலிந்திருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். அமெரிக்காவில் ‘பாய்ஸ் டவுன்’ இல்லத்தை நிறுவிப் புகழ்பெற்ற எட்வர்ட் ஃப்ளானகன், அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு, 1946இல் தாய்நாட்டுக்கு வந்து இந்த அமைப்பை மேடையிலேயே கண்டித்தார். அவர் மிகைப்படுத்துகிறார், பொருட்படுத்தத் தேவையில்லை என்று நீதித் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த கண்டனம் என்று ஒதுக்க முடியாத ஒருவரையே இப்படி ஒதுக்கினார்கள் என்றால், கொடுமை தெரியாமல் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

பீட்டர் டைரலின் கதையும் இங்கே சேரும். எட்டு வயதில், 1924இல், கால்வே மாவட்டத்தின் ஒதுக்குப்புறமான லெட்டர்ஃப்ராக் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். பின்னர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போர்க்கைதியாகவும் இருந்தார். லெட்டர்ஃப்ராக்கைவிட அந்தக் கைதி முகாம் மேல் என்பது அவர் எண்ணம். 1950களில் தான் பட்டதையெல்லாம் எழுதி, பள்ளிகளில் அடிப்பதை எதிர்த்துப் போராடிய செனட்டர் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டனிடம் ஒப்படைத்தார். பதிப்பிக்க அப்போது எவரும் முன்வரவில்லை. 1967இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் தீக்குளித்து இறந்தார். கருகிய உடல் யாருடையது என்று தெரியவே ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அருகில் கிடந்த அஞ்சலட்டைத் துண்டில் எஞ்சியிருந்த ‘ஸ்கெஃபிங்டன்’ என்ற பெயர்தான் துப்புக் கொடுத்தது. அவர் எழுதியது 2006இல்தான் நூலாயிற்று. சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய இடங்கள் மூடிக் கிடந்தன.

1970இல் நீதிபதி ஐலீன் கென்னடி தலைமையிலான குழு இந்த அமைப்பையே ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆர்ட்டேன் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டிருந்தது. லெட்டர்ஃப்ராக் 1974இல் மூடியது. ஆனால் நடந்ததற்குக் கணக்குக் கேட்கும் பேச்சு அப்போது எழவில்லை. கோல்டன்பிரிட்ஜைப் பற்றி 1996இல் ஓர் ஆவணப்படம், 1999இல் மேரி ராஃப்டரி தயாரித்த மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர். இவை வந்த பிறகே நாடு அதிர்ந்தது. 1999 மே 11 அன்று பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையமும், பின்னர் இழப்பீட்டு வாரியமும் அதிலிருந்து பிறந்தவை.

இழப்பீட்டுச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு 2002 ஜூன் 5 அன்று விடை எழுதப்பட்டது. பொதுத்தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்கும் தறுவாயில், கல்வி அமைச்சர் மைக்கேல் வுட்ஸ் 18 துறவற சபைகளோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சபைகள் தருவது மொத்தம் 12.8 கோடி யூரோ. அதில் ரொக்கம் ஏறத்தாழ 4 கோடி. உளவள ஆலோசனைக்கு 1 கோடி. மிச்சமெல்லாம் நிலமும் கட்டடமும். இதற்கு ஈடாக, இழப்பீட்டுத் திட்டத்துக்குள் வரக்கூடிய எவரேனும் சபைகள்மேல் வழக்குத் தொடுத்து வென்றாலும் அந்தத் தொகையை அரசே கட்டும் என்று உறுதி கொடுக்கப்பட்டது. எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள், எவ்வளவு ஆகும் என்று தெரியாமலே ஒரு பக்கத்தின் பொறுப்புக்கு மட்டும் உச்சவரம்பு கட்டினார்கள். அதிகாரிகள் முதலில் போட்ட கணக்கையெல்லாம் உண்மை தாண்டியது. 15,000க்கும் மேற்பட்டோர் தொகை பெற்றார்கள். 2017இல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையின்படி மொத்தச் செலவு சுமார் 150 கோடி யூரோ. வழக்கறிஞர் கட்டணமே 19 கோடியைத் தாண்டியது. 2009இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்து மக்கள் கொதித்தபோது சபைகள் மேலும் 35 கோடி யூரோ தருவதாகச் சொன்னன. சில ஆண்டுகளில் அது 22.6 கோடியாகச் சுருங்கியது. செலவைச் சரிபாதியாகப் பகிர வேண்டும் என்ற அரசின் கோரிக்கை நிறைவேறவே இல்லை.

வுட்ஸ் பின்னாலும் இந்த ஒப்பந்தத்தை நியாயப்படுத்தினார். பிள்ளைகளை அனுப்பியது அரசு, ஆய்வு செய்ய வேண்டியதும் அரசு. எப்படியும் அரசுதான் கட்ட வேண்டியிருந்திருக்கும். இதனால் சபைகளிடமிருந்து ஏதோ கொஞ்சமாவது கிடைத்தது என்பது அவருடைய வாதம். இதன் முதல் பாதி உண்மை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கல்வித் துறை சபைகளுக்கு அடங்கிப் பணிந்து நடந்தது என்றே விசாரணையும் கண்டது. ஆனால் இருவர் சேர்ந்து பட்ட கடனில் ஒருவர் பங்கு பெரிது என்பதால் மற்றவர் பங்கை அளக்காமலே விட்டுவிடலாமா? மானியம் போதவில்லை, அதனால்தான் பிள்ளைகள் வாடினார்கள் என்று சபைகள் சொல்லிவந்தன. பண்ணையும் பட்டறையும் வைத்திருந்த பெரிய பள்ளிகளைப் பொறுத்தவரை இந்தச் சாக்கை விசாரணை ஏற்கவில்லை. ஒவ்வொரு சபையும் எத்தனை பிள்ளைகளை வைத்திருந்தது, எவ்வளவு மானியம் வாங்கியது, இன்று எவ்வளவு சொத்து வைத்திருக்கிறது என்று பார்த்துப் பங்கு போடுவது கடினமான கணக்கல்ல. 2002இல் அந்தக் கணக்கு போடப்படவில்லை.

இழப்பீட்டு வாரியத்தின் நல்ல பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சாட்சி செத்துவிட்டார், ஆவணம் அழிந்துவிட்டது, காலவரம்பு கடந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் தோற்றிருக்கக்கூடியவர்கள் இங்கே தோற்கவில்லை. குற்றவாளி யார் என்று நிரூபிக்காமலே, இந்தப் பள்ளியில் இருந்தேன், இப்படிக் காயப்பட்டேன் என்று காட்டினால் போதும். கொடுமையின் தன்மைக்கு 25 மதிப்பெண் வரை, உடல் மன நோய்களுக்கு 30, வாழ்க்கையிலும் உறவுகளிலும் விழுந்த பாதிப்புக்கு 30, கைநழுவிய வாய்ப்புகளுக்கு 15, மொத்தம் 100. கூட்டிப் பார்த்து ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பார்கள். உச்சப் படி 3 லட்சம் யூரோ வரை. அதை எட்டியவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சராசரி 62,000 யூரோ அளவில் நின்றது. ஒரு வாழ்க்கையை மதிப்பெண்ணாக்குவது கொடுமை என்று பலர் மனம் நொந்தார்கள். எனக்கு அந்த முறைமேல் அவ்வளவு குறையில்லை. ஆயிரக்கணக்கானோரை நியாயமாக ஒப்பிட ஏதோ ஓர் அளவு வேண்டும். என் குறை வேறு. பணத்தை ஏற்றால் அரசின்மேலும் சபையின்மேலும் வழக்கே தொடுக்க முடியாது. அதோடு 28ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். பாதிக்கப்பட்டவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் இந்தப் பிரிவு என்று சொல்லப்பட்டது. அந்தரங்கம் அவர்களுடையது என்றால், அதைத் திறக்கும் சாவியும் அவர்களிடம்தான் இருக்க வேண்டும். பெயர் வெளிவர வேண்டாம் என்பவருக்கு மறைப்பு, பேச விரும்புபவருக்குப் பேச்சு என்று இரண்டே வரியில் எழுதியிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே பூட்டைப் போட்டதால் உண்மையில் காக்கப்பட்டது நிறுவனங்களின் பெயர்.

விசாரணை ஆணையத்துக்கும் இதே கதி. அதன் முதல் தலைவர் நீதிபதி மேரி லாஃபோய், கல்வித் துறை ஒத்துழைக்கவில்லை என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 2003இல் விலகினார். நீதிபதி ஷான் ரயான் பொறுப்பேற்றார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பெயர்களை வெளியிடக் கூடாது என்று கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நீதிமன்றம் போனது. பெயர் வெளியிடும் எண்ணத்தை ஆணையம் கைவிட்டது. 2009 மே 20 அன்று வெளிவந்த ஐந்து தொகுதி அறிக்கை, சிறுவர் பள்ளிகளில் பாலியல் கொடுமை ஊறிக் கிடந்தது என்றும், அடியும் அச்சமும் ஆட்சிமுறையாகவே இருந்தன என்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது. ஆனால் கொடுமை செய்தவர்கள் அதில் புனைபெயர்களில்தான் வருகிறார்கள். உயிரோடு இல்லாதவர்கள் தம் தரப்பைச் சொல்ல முடியாது, அவர்களைப் பெயர் சொல்லிக் குற்றவாளியாக்குவது அநீதி என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் தண்டனையே பெற்றவர்களுக்கும் அறிக்கையில் புனைபெயர் கொடுத்ததற்கு அந்த வாதம் உதவாது. பாதிக்கப்பட்டவர்களுக்கோ விசாரணையில் இப்படிப்பட்ட பரிவு கிடைக்கவில்லை: அறிக்கை வந்த சில நாட்களில், குளோன்மெல் நகரத்தின் முன்னாள் மேயர் மைக்கேல் ஓ’பிரையன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் எழுந்து நின்று, ஆணையத்தின் முன் வழக்கறிஞர்கள் தம்மைக் குடைந்து கேட்டு எப்படி நொறுக்கினார்கள் என்று நடுங்கியபடி சொன்னதை நாடே பார்த்தது.

சபைகள் செய்த நன்மையை எண்ணிப் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் 1842இலேயே சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கியவர்கள், அவர்களிடம் படித்த தலைமுறைகள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். அந்த நன்றி பொய்யல்ல. ஆனால் ஓரிடத்தில் செய்த நன்மை, வேறோரிடத்தில் வேறொரு பிள்ளைக்குப் பட்ட கடனைக் கழிக்காது. இன்றைய உறுப்பினர்கள் முதியவர்கள், தவறு செய்யாதவர்கள், அவர்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கட்டச் சொல்வது அவர்கள் கையிலிருந்து அல்ல. தனி ஆள் செத்தாலும் சபை சாவதில்லை. அதன் நிலமும் மருத்துவமனையும் பெயரும் தலைமுறை தாண்டித் தொடர்கின்றன. முன்னோர் சேர்த்த சொத்தை ஏற்கும் அமைப்பு அவர்கள் வைத்த கடனையும் ஏற்கத்தான் வேண்டும். அப்படி ஏற்காத பங்கெல்லாம் வரி கட்டுபவர் தலையில் விழுந்தது, அதாவது அந்தப் பள்ளிகளில் வளர்ந்து கூலி வேலை செய்து வரி கட்டியவர்கள் தலையிலும்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய இழப்பீட்டுத் திட்டம் முடியும் என்று காட்டியது. அங்கே ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்கைத் தானே கட்ட வேண்டும். திட்டத்தில் சேர மறுக்கும் நிறுவனத்தின் பெயரை அரசு வெளியிடும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளரே நேரில் வந்து கேட்டு, மன்னிப்புச் சொல்ல வேண்டும். அதிலும் குறைகள் ஏராளம். அந்நாட்டு விசாரணைக் குழு 2 லட்சம் டாலர் உச்சவரம்பு சொல்ல, சட்டம் 1.5 லட்சத்தில் நிறுத்திவிட்டது. வழக்குத் தொடுக்கும் உரிமையை அங்கும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடன்பட்டவர் பெயர் ஏட்டில் இருக்கிறது.

அயர்லாந்தில் 2002இன் அச்சு பின்னாலும் மாறவில்லை. மக்தலேன் சலவையகங்களில் கூலியின்றித் துணி வெளுத்த பெண்களை முதல் சட்டம் சேர்க்கவே இல்லை. அவை தனியார் இடங்கள் என்பது சாக்கு. அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவரை அனுப்பியதில் அரசுக்குப் பங்கு இருந்தது என்று 2013இல் வெளிவந்தது. பிரதமர் என்டா கென்னி மன்னிப்புக் கேட்டார், பணம் அரசு கொடுத்தது, சலவையகங்களை நடத்திய நான்கு சபைகளும் பங்கு தர மறுத்தன. மணமாகாத பெண்கள் பிள்ளை பெற அனுப்பப்பட்ட தாய்-சேய் இல்லங்களுக்கு 2024இல் தொடங்கிய திட்டமோ, குழந்தையாக அங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களை விலக்கிவிட்டது. தாயிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுக்க ஆறு மாதம் தேவைப்பட்டதில்லை. இழப்பீட்டு வாரியமும் ஆணையமும் திரட்டிய ஆவணங்களை 75 ஆண்டுகளுக்கு முத்திரையிட ஒரு மசோதாவும் 2019இல் வந்தது. பாதிக்கப்பட்டவர்களும் வரலாற்றாய்வாளர்களும் எதிர்த்தார்கள். 2020இல் நாடாளுமன்றம் கலைந்தபோது அது காலாவதியானது. நிறைவேறியிருந்தால், பாதிக்கப்பட்டவர் தன் வாயால் சொன்ன வாக்குமூலத்தின் பிரதி அவருடைய ஆயுளில் வெளிச்சத்துக்கு வந்திராது.

இப்போது அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது. துறவற சபைகள் நடத்திய பகல்நேரப் பள்ளிகளிலும் உறைவிடப் பள்ளிகளிலும் நடந்த பாலியல் கொடுமை பற்றி 2024 செப்டம்பரில் வந்த ஆரம்பகட்ட அறிக்கை, 308 பள்ளிகள் தொடர்பாக 2,395 குற்றச்சாட்டுகளைக் கணக்கிட்டிருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 884 பேர். முழு விசாரணைக்கு அரசு ஒப்புக்கொண்டது. இழப்பீடு பற்றியும், சபைகள் பங்கு தர வேண்டும் என்றும் அமைச்சர்கள் பேசினார்கள். புகார் கொடுத்தவர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். சட்டம் எழுத அதிக காலம் இல்லை. ஆயினும் 28ஆம் பிரிவைப் போன்ற ஒன்று அதில் நுழையக் கூடாது. ஒவ்வொருவருடைய கோப்பும் அவர் கேட்டால் அவர் கைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சபையின் சொத்தும் பொறுப்பும் வெளிப்படையாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு முடியும்வரை எந்த அமைச்சரும் எந்தச் சபையோடும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது.